திரும்பத் திரும்ப வரும் முதுகுவலிக்குக் கைரோபிராக்டிக்: யார், எப்போது, எவ்வளவு?

குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றுபவருக்கும், ஆரணியில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்பவருக்கும், ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தை விட்டு எழாதவருக்கும் முதுகுவலி பழகிப்போன ஒன்று. வலி வந்தால் தைலம், தாளாவிட்டால் சுளுக்கு எடுப்பவர் என்பதே இங்கு வழக்கம். வலி தணிந்த பிறகும் இடைவெளி விட்டுச் சென்று முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சீர்செய்துகொள்ளும் கைரோபிராக்டிக் முறையை நாடுவோர், அதனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கிய முறை இது. எல்லா நோய்க்கும் முதுகெலும்பே மூலம் என்ற அவரது கருத்துக்கு ஆதாரம் இல்லை; ஆகவே சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ இதை நம்பிச் செல்லாதீர்கள். 2018-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், அடிக்கடி இடுப்புவலி வந்து, தொடக்கக் கட்ட கைரோபிராக்டிக் சிகிச்சையில் நல்ல பலன் கண்டவர்கள், வலி வரும்வரை காத்திராமல் ஒன்று முதல் மூன்று மாத இடைவெளியில் சென்றபோது, ஓராண்டில் தொல்லை தந்த நாட்கள் ஏறத்தாழ 13 குறைந்தன. வலியே இல்லாதவருக்கு இத்தகைய ஆதாரம் கிடையாது.

செல்வதற்கு முன் எலும்பியல் அல்லது உடலியக்க மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மாலைக் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, இரவில் உறங்கவிடாத வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். அந்த எலும்பை அழுத்தித் திருப்பினால் பெரும் கேடு விளையும். எலும்பு மெலிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களும், விழுந்து அடிபட்டவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது. சிறுநீர் அடைப்போ, கால் வலுவிழப்போ, தொடை இடுக்கில் மரத்துப்போதலோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை அளிப்பவர் எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். நோய் வரலாற்றைக் கேட்டு, கால்களின் வலுவையும் உணர்வையும் சோதித்த பின்னரே அவர் கை வைக்க வேண்டும். முதல் நாளிலேயே முப்பது அமர்வுகளுக்கு முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். 'டக்' என்ற ஓசை கேட்டதும் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அது மூட்டுத் திரவத்திலுள்ள வாயுவால் எழுவது.

கழுத்து விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வேகமாகத் திருகும்போது, அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் நேரலாம். எனவே திருகாமல் மெல்ல அசைக்கும் முறையைக் கேட்டுப் பெறுங்கள். முடிவெட்டிய பின் சலூன்காரர் இலவசமாகச் செய்யும் கழுத்துச் சொடக்கையும் மறுத்துவிடுங்கள்.

இரண்டு அமர்வுகளுக்கு இடையில் நீங்கள் உட்காரும் விதத்திலும் கவனம் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடப்பது, முறத்தின் கீழே மணைப்பலகை வைத்து உயர்த்துவது, குடத்தை ஒரே இடுப்பில் சுமக்காமல் மாற்றுவது, காலையில் நடந்து வருவது ஆகியவை செலவில்லாதவை.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல் கடுப்பது இயல்பு. அதற்குமேல் நீடித்தாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் சென்றும் வலி வரும் நாட்கள் குறையவில்லையெனில், அந்தப் பணத்தை உடற்பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் செலவிடலாம்.