தென்சென்னையில் கோல்ஃப் திடலோடு குடியிருப்பு வருகிறதா? தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினாலே சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பமும் அறிக்கையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அதிலிருந்து சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுங்கள். ஓடை, வாய்க்கால், தாங்கல் (சிறு ஏரி) என்று பதிவான புறம்போக்கையெல்லாம் நீல மையால் வரையுங்கள்.

தென்சென்னையில் ஓர் ஏரியின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) வழிந்தால்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. கடைசியில் பல ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. பெரும்பாலும் அறிக்கை தன் வேலிக்குள் பெய்யும் மழையை மட்டும் பேசும். மேலேயிருந்து வந்து மனையைக் கடந்துபோகும் தண்ணீருக்கு வழி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. மண் கொட்டி ஒரு மீட்டர் மேடாக்கினால் அந்தத் தண்ணீர் பின்னால் இருக்கும் தெருவில்தான் நிற்கும்.

இனி கணக்கு. வழிந்தோடும் அளவு (விநாடிக்குக் கன மீட்டர்) = வழிவுக் குணகம் (பெய்த மழையில் மண்ணில் இறங்காமல் ஓடும் பங்கு) × மழை (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. நூறு ஏக்கர் என்றால் சுமார் 40 ஹெக்டேர். மணிக்கு 50 மி.மீ. மழையில், தரிசாக இருக்கையில் (குணகம் 0.3) 1.7 கன மீட்டர், கட்டிய பிறகு (0.7) 3.9. ஒரு மணி நேரத்தில் கூடுதலாக 80 லட்சம் லிட்டர். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து, கீழே இருக்கும் சிறுபாலத்துக்கு டேப்பும் குச்சியும் எடுத்துப் போங்கள். அகலம் 1 மீட்டர், உயரம் 1 மீட்டர், தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர் என்று வைத்தால் 1.5 கன மீட்டர்தான் போகும். குச்சி பாதி உயரம் வரை சேற்றில் இறங்கினால் அதிலும் பாதிதான்.

“திடலில் குளம் இருக்கிறது, தாங்கும்” என்பார்கள். அழகுக்காக வெட்டிய குளம் எப்போதும் நிரம்பியே இருக்கும். வெள்ளத்துக்குப் பயன்படுவது மேலே காலியாக விட்ட ஆழம் மட்டுமே. 80 லட்சம் லிட்டரை ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பிடிக்க 1.3 ஏக்கர் காலிக் குளம் வேண்டும். மழைநீர் உறிஞ்சுகுழிகளின் கொள்ளளவையும் கணக்கிலிருந்து முழுசாகக் கழிக்க விடாதீர்கள். சதுப்புநிலத்தை ஒட்டிய களிமண்ணில், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழியில் விட்ட தண்ணீர் இறங்காது.

கோடையில் பிரச்சினை தலைகீழ். 20 ஹெக்டேர் புல்லுக்கு நாளைக்கு 5 மி.மீ. பாய்ச்சினால் 10 லட்சம் லிட்டர். 1,000 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்தால் 5.4 லட்சம் லிட்டர். அதையெல்லாம் சுத்திகரித்துப் புல்லுக்கு விட்டாலும் மிச்சம் 4.6 லட்சம், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 38 நடை. ஆழ்துளைக் கிணறா, லாரியா என்று எழுத்தில் கேளுங்கள். கடலோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே ஏறும். மழைக்காலத்திலோ புல்லுக்குத் தண்ணீரே வேண்டாம். அப்போது அந்த 5.4 லட்சம் லிட்டர் எங்கே போகும்? வருடச் சராசரியில் இது தெரியாது. மாதவாரியாக நீர் வரவு-செலவு அட்டவணை கேளுங்கள், நவம்பர் வரிசையை முதலில் பாருங்கள்.

ஆட்சேபத்தில் கோபத்தை எழுதாமல் சர்வே எண், சிறுபால அளவு, தேதியோடு எடுத்த படம் ஆகியவற்றை வைத்து, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்பி ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நீர்வளத் துறை தரும் வெள்ளத் தடையின்மைச் சான்றின் நகலை 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். அதில் போட்ட நிபந்தனைகளையும் வரைபடத்தையும் சேர்த்தே கேளுங்கள்.