குறிப்புகளைத் தலைப்பு வாரியாகப் பூட்டி வைக்காதீர்கள்

புதுச்சேரிக் கடற்கரையில் மணல் போன கதையை என் நோட்டில் ‘துறைமுகம்’ என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்திருந்தேன். இந்தக் கரையோரம் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரையைக் கடல் அரித்தது.

இன்னொரு நோட்டில், ‘அலுவலகம்’ என்ற தலைப்பில், கடலூரில் நான் வேலை பார்த்த இடம். ஒருவர் மேஜையில் ஃபைல்கள் குவிந்து கிடக்கும். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் அடுத்த மேஜைக்கு வேலை வரும் என்பதால், அங்கே இருந்தவர் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டும் ஒரே சங்கதி என்று எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

முதல் தவறு அந்தத் தலைப்புகள்தான். எதைப் பற்றிய குறிப்பு என்று மட்டும் எழுதினேன். அதில் என்ன நடக்கிறது என்று எழுதவில்லை. ‘ஓட்டத்தை மறித்தால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் வறளும்’ என்று மேலே ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் சுமார் 90,000 குறிப்பட்டைகள் சேர்த்தவர். புது எண்ணம் எந்தப் பழைய அட்டையோடு ஒட்டுகிறதோ, அதற்குப் பின்னால் செருகி எண் கொடுத்துவிடுவார்.

படித்ததை அப்படியே நகலெடுப்பதும் தவறு. அடுத்தவர் வாக்கியத்தில் நம் கேள்வி இருக்காது.

தலைப்பு வாரியாகப் பிரித்து வைப்பதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைப்பது. வீடு கட்ட மணல் வாங்கிய கணக்கையும் கடற்கரைக் குறிப்பையும் ‘மணல்’ என்ற சொல்லுக்காகச் சேர்த்தால், அது வெறும் சொல் ஒற்றுமை. ‘ஏனென்றால்’ போட்டு ஒரு முழு வாக்கியம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இணைக்க வேண்டாம்.

அப்புறம், தேதியை விடாதீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் வியாபாரமும் அரசியலும் வீட்டு விஷயமும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே வாரத்தில் மனதில் ஓடியவை பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே ஒரு வசதி.

எழுதியதைத் திரும்பப் படிக்காவிட்டால் இவ்வளவும் வீண். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணை மூடிக்கொண்டு பழைய குறிப்புகளில் இரண்டை உருவுகிறேன். பாதி நாள் ஒன்றும் பொருந்தாது. சரி என்று திரும்ப வைத்துவிடுகிறேன்.