கட்டளை: எந்த இடத்தில் என்ன பொருள்?

திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கோயில் சுவரில் ‘அர்த்தசாமக் கட்டளை’ என்று கண்டால், யார் யாருக்கு உத்தரவு போட்டார் என்று தேடாதீர்கள். முதலில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘உத்தரவு’ என்று வைத்துப் படியுங்கள். பொருந்தவில்லையா? ‘வரையறுத்த அளவு’ என்று வையுங்கள். பெரும்பாலும் பூட்டு திறந்துவிடும்.

கோயில் கட்டளையில் மூன்றைப் பாருங்கள்: கொடுத்தவர் யார், எந்தப் பூசைக்கு, எந்த நிலத்தின் அல்லது முதலின் வருமானத்தில். அந்த வருமானம் அந்தப் பூசைக்கு மட்டுமே என்று கட்டி வைத்திருப்பதால்தான் அது கட்டளை. அறக்கட்டளையும் இதே வழியில் வந்த சொல். இதை மண்டகப்படியோடு குழப்புவது வழக்கம். மண்டகப்படி திருவிழாவில் ஒரு நாள் உபயம்.

செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயர் உண்டு. மலையாளத்தில் ‘கட்டள’ கதவு நிலை, கன்னடத்தில் ‘கட்டளெ’ சட்டம், விதி. மண்ணையோ மனிதரையோ ஒரு வரம்புக்குள் நிறுத்துவது என்ற எண்ணம் எல்லாவற்றிலும் ஓடுகிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் கட்டளைக்கல். குறள் 505 ஒருவரின் செயலையே அந்தக் கல்லாக்குகிறது. அங்கே உத்தரவுக்கு இடமே இல்லை.

அளவு என்ற பொருள் பளிச்சென்று தெரிவது கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில். ஓர் அடியை எடுத்து, புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணுங்கள். அடி நேரசையில் (புள்ளி எழுத்தை விட்டால் ஓர் எழுத்து அசை) தொடங்கினால் 16, நிரையசையில் (குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை) தொடங்கினால் 17 வர வேண்டும். திருக்கடையூர் அபிராமி அந்தாதியில் சோதிக்கலாம். ‘உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்’: ‘உதிக்’ நிரை, எண்ணினால் 17. ‘சென்னியது உன்பொன் திருவடித் தாமரை சிந்தையுள்ளே’: ‘சென்’ நேர், ஆனால் 17 வருகிறதே! தப்பு பாட்டில் இல்லை, பதம் பிரித்து அச்சிட்டதில். ‘சென்னியதுன்’ என்று சேர்த்தால் ஓர் எழுத்து குறைந்து 16 ஆகும். எண்ணும் முன் சந்தியைச் சேருங்கள்.

கணினிக் கட்டளை, படைத்தலைவர் கட்டளை எல்லாம் நேரான உத்தரவு. அவற்றில் குழப்பம் வராது. காவிரியில் மேலே போனால் வரும் கட்டளை மேட்டு வாய்க்காலில் மட்டும் இந்தச் சோதனையைப் போட வேண்டாம். அங்கே கட்டளை என்பது கரூர் மாவட்டத்து ஊர்ப் பெயர்.