ஆக்சுவரி ஆகணும்னா எங்க ஆரம்பிக்கணும், எதை முதல்ல படிக்கணும்

2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்துச்சுல்ல, அப்போ ஆயிரக்கணக்கான கார் தண்ணிக்குள்ள நின்னுச்சு. டிசம்பர் 31 குவார்ட்டர் கணக்கு முடிக்கணும், ஆனா பாதி வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்ல கிடக்கு, சர்வேயர் போய் பாக்கவே இல்ல, சில பேர் க்ளெய்ம் ஃபார்மே குடுக்கல. ஆனாலும் அந்த பணம் கம்பெனி குடுத்துதான் ஆகணும். எவ்வளவு தொகையை ஒதுக்கி வைக்கணும்? கம்மியா வச்சா நாளைக்கு க்ளெய்ம் குடுக்க பணம் பத்தாது, ரொம்ப வச்சா லாபம் தப்பா தெரியும். இந்த கேள்விக்கு கணக்கு போட்டு பதில் சொல்ற ஆள்தான் ஆக்சுவரி. லைஃப் இன்சூரன்ஸ்ல பிரீமியம் எவ்வளவு வைக்கலாம்னு பாக்குறதும், ஒரு கம்பெனி தன் ஸ்டாஃபுக்கு பின்னாடி குடுக்க வேண்டிய கிராஜுவிட்டிக்கு இன்னைக்கே எவ்வளவு எடுத்து வைக்கணும்னு சொல்றதும் இதே வேலைதான். ப்ளஸ் டூ முடிச்ச தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் என்கிட்ட இதை பத்தி கேக்குறாங்க, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

இந்தியாவுல இதுக்கு ஒரே அமைப்புதான், நவி மும்பையில இருக்குற இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமா ஐ.ஏ.ஐ. 1944-ல ஆக்சுவேரியல் சொசைட்டியா ஆரம்பிச்சது, 2006-ல வந்த ஆக்சுவரீஸ் சட்டத்துக்கு அப்புறம் இன்ஸ்டிட்யூட் ஆச்சு. சி.ஏ.க்கு ஐ.சி.ஏ.ஐ. எப்படியோ அப்படி. லண்டன் எடின்பரோல இருக்குற இன்ஸ்டிட்யூட் அண்ட் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரீஸ் வழியாவும் இங்க இருந்தே படிக்கிறவங்க இருக்காங்க, பேப்பர் பேரெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஃபீஸ் பவுண்டுல கட்டணும். வீட்ல பணம் இறுக்கமா இருந்தா ஐ.ஏ.ஐ.யே போதும்னு நான் சொல்லுவேன்.

முதல் படி ஏசெட்னு ஒரு என்ட்ரன்ஸ். ப்ளஸ் டூ முடிச்சிருந்தா எழுதலாம், மேத்ஸ் குரூப்தான் எடுத்திருக்கணும்னு இல்ல. 3 மணி நேரம், 70 கேள்வி, 100 மார்க், 50 எடுத்தா பாஸ். மேத்ஸ் 30, ஸ்டாடிஸ்டிக்ஸ் 30, டேட்டா இன்டர்பிரிடேஷன் 15, இங்கிலீஷ் 15, லாஜிக்கல் ரீசனிங் 10. தமிழ் மீடியம் புள்ளைங்க அந்த 15 மார்க் இங்கிலீஷை பாத்து பயப்படுவாங்க, பயப்பட வேணாம், 60 மார்க் கணக்குலயும் ஸ்டாடிஸ்டிக்ஸ்லயும்தான் இருக்கு, ப்ளஸ் டூ மேத்ஸ் புக்ல இருக்குற ப்ராபபிலிட்டி, டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன், மேட்ரிக்ஸ் ஒழுங்கா போட்டு பாத்தாலே பெரும்பகுதி வந்துரும். ஆனா இங்கிலீஷை விட்டுடலாம்னு நினைக்காதீங்க, பின்னாடி ரிப்போர்ட் எழுதுறதுக்குன்னே தனி பேப்பர் இருக்கு, அதனால தினமும் ஒரு இங்கிலீஷ் நியூஸ்பேப்பரோட பிசினஸ் பக்கத்தை வாசிக்கிற பழக்கத்தை இப்பவே வச்சுக்கோங்க.

ஏசெட் பாஸ் பண்ணா ஸ்டூடண்ட் மெம்பரா சேந்துடலாம், அதுக்கப்புறம்தான் நிஜமான பரீட்சை. 2019-ல வந்த பாடத்திட்டப்படி ஃபெலோ, அதாவது முழு ஆக்சுவரி ஆக மொத்தம் 13 பேப்பர். சி.எஸ்.1, சி.எஸ்.2 ஸ்டாடிஸ்டிக்ஸ், சி.எம்.1, சி.எம்.2 ஆக்சுவேரியல் கணக்கும் ஃபைனான்ஷியல் கணக்கும், சி.பி.1, சி.பி.2, சி.பி.3 (CB, பிசினஸ் பேப்பர்) ஃபைனான்ஸ், எகனாமிக்ஸ், மேனேஜ்மென்ட். அப்புறம் இன்னொரு சி.பி. (CP) மூணு பேப்பர், அது கோர் பிராக்டிஸ், பிசினஸ் சி.பி. வேற இது வேற, இங்கிலீஷ்ல எழுத்து வித்தியாசம் இருக்கு, நம்ம வாயில ஒரே மாதிரி வரும், எல்லாரும் முதல்ல இதுல குழம்புவாங்க. இந்த 10 முடிச்சா அசோசியேட் லெவல், மேல ரெண்டு எஸ்.பி. (ஸ்பெஷலிஸ்ட் பிரின்சிபிள்ஸ்), ஒரு எஸ்.ஏ. (ஸ்பெஷலிஸ்ட் அட்வான்ஸ்ட்) முடிச்சா ஃபெலோ. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து பாடத்திட்டத்தை இன்ஸ்டிட்யூட் சைட்லயே பாத்துடுங்க, கோச்சிங் சென்டர் நோட்டீஸை நம்பி கட்டாதீங்க.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா காமர்ஸ் பசங்க பிசினஸ் சி.பி.1, சி.பி.2 ஈஸின்னு அதுல இறங்குவாங்க, பாஸும் ஆகிடுவாங்க, ஆனா இன்டர்வியூல உக்காந்தா கேக்குறது சி.எஸ்.1-ம் சி.எம்.1-ம்தான். அதனால என் கருத்து, முதல் அட்டெம்ப்ட்ல சி.எஸ்.1 ஒண்ணு, கூட ஒரு பிசினஸ் பேப்பர், அடுத்ததுல சி.எம்.1. நான் முதல் தடவை சி.எம்.1-ல ஃபெயில் ஆனேன், காரணம் எனக்கு நல்லா தெரியும், நோட்ஸை ரெண்டு தடவை வாசிச்சேன், பழைய கேள்வித்தாளை நேரம் வச்சு ஒண்ணு கூட போடல. அடுத்த தடவை வாசிப்பை பாதியாக்கிட்டு பழைய பேப்பர் மட்டும் போட்டேன், பாஸ் ஆச்சு. பழைய கேள்வித்தாளும் விடையும் இன்ஸ்டிட்யூட் சைட்லயே இலவசமா இருக்கு, கோச்சிங்குக்கு முன்னாடி அதை தொடுங்க.

இன்னொண்ணு, சி.எஸ்.1-ல ஒரு பகுதி ஆர்-னு ஒரு புரோகிராமிங் மொழியில கம்ப்யூட்டர்ல பண்ணனும், சி.எம்.1-ல எக்செல். இதை கடைசி மாசத்துக்கு தள்ளிப் போடுறவங்கதான் அதிகம். ஆர் இலவசம், இன்னைக்கே போட்டுக்கலாம்.

சி.எம்.1-ல என்ன நடக்குதுன்னு ஒரு சின்ன கணக்குல சொல்றேன். 30 வயசுக்காரங்க 1,000 பேர், ஆளுக்கு 10 லட்சம் கவர், ஒரு வருஷத்துல அதுல ஒருத்தர் இறப்பார்னு வச்சுக்குவோம். கம்பெனி குடுக்க வேண்டியது 10 லட்சம், 1,000 பேர்கிட்ட பிரிச்சா தலைக்கு 1,000 ரூபாய். பணம் வருஷ முன்னாடியே வருது, க்ளெய்ம் பின்னாடி, நடுவுல 7% வட்டி கிடைச்சா கிட்டத்தட்ட 935 ரூபாய் போதும். இதுமேல செலவு, ஏஜென்ட் கமிஷன், ஒருத்தருக்கு பதில் ரெண்டு பேர் போயிட்டா என்ன பண்றதுங்கிற பாதுகாப்பு, எல்லாம் ஏறும். 1 வருஷத்தை 30 வருஷமாக்குங்க, நடுவுல பாலிசியை விட்டுட்டு போறவங்களையும் சேருங்க, அவ்வளவுதான் பேப்பர்.

முதல்ல சொன்ன வெள்ள கணக்குக்கும் ஒரு முறை இருக்கு, செயின் லேடர்னு பேரு. போன வருஷத்து விபத்துக்கு முதல் வருஷக் கடைசியில 100 கோடி குடுத்திருந்தோம், அடுத்த வருஷக் கடைசியில அது 150 ஆச்சு, அப்போ 1.5 மடங்கு. இந்த வருஷம் இதுவரைக்கும் 120 குடுத்தாச்சுன்னா 180 வரைக்கும் போகும்னு எடுத்துக்கிட்டு, மிச்சம் 60-ஐ ஒதுக்கணும். ஆனா வெள்ளம் மாதிரி ஒரு வருஷத்துல பழைய 1.5-ஐ அப்படியே போட முடியுமா? அங்கதான் ஆக்சுவரியோட சொந்த முடிவு வேணும், ஒர்க்‌ஷாப் எவ்வளவு நெருக்கடியில இருக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் வருதா, க்ளெய்ம்ஸ் டீம்ல எத்தனை ஃபைல் தேங்கியிருக்குன்னு போய் கேட்டுட்டு வந்துதான் அந்த நம்பரை மாத்தணும். எனக்கு இந்த வேலையில ரொம்ப பிடிச்சது இந்த இடம்தான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். பேப்பரை மட்டும் அடுக்கிக்கிட்டே போகாதீங்க. டிகிரி முடியும்போது ரெண்டு மூணு பேப்பர், கூட எக்செல், ஆர் கையில இருந்தா உடனே வேலை தேட ஆரம்பிச்சிடுங்க. ஏழு எட்டு பேப்பர் முடிச்சிட்டு ஒரு நாள் கூட ஆபீஸ் அனுபவம் இல்லாம வர்ற பசங்களை எடுக்க கம்பெனிங்க தயங்குறதை நான் பாத்திருக்கேன், சம்பளம் அதிகம் குடுக்கணும், வேலை முதல்ல இருந்து சொல்லித்தரணும்னு யோசிப்பாங்க. அதோட மேல் பேப்பர் எல்லாம் வேலையில பாத்திருந்தாதான் எழுத வரும். ஃபெலோ ஆக எட்டு பத்து வருஷம் ஆகுறது சாதாரணம், வீட்ல அம்மா அப்பாகிட்ட இதை முதல் நாளே சொல்லிடுங்க, மூணு வருஷத்துல முடிஞ்சிரும்னு சொல்லி வச்சா அப்புறம் ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் உங்களுக்குதான் கஷ்டம். டிகிரியையும் விட்டுடாதீங்க, ஸ்டாடிஸ்டிக்ஸ், மேத்ஸ், பி.காம். எதுவோ ஒண்ணு கையில இருக்கணும், நடுவுல இதை விட வேண்டி வந்தா அதுதான் காப்பாத்தும்.

ரெஸ்யூமேல போட ஒரு ப்ராஜெக்ட் வேணும்னா ரெண்டு யோசனை. ஹியூமன் மோர்டாலிட்டி டேட்டாபேஸ்னு ஒண்ணு இருக்கு, ரெஜிஸ்டர் பண்ணா இலவசம், அதுல ஜப்பானோ ஸ்வீடனோ எடுத்து வயசு வாரியா இறப்பு விகிதத்தை லாக் ஸ்கேல்ல வரைங்க, ஆம்பளைங்களுக்கு இருபது வயசுகிட்ட ஒரு மேடு தெரியும், விபத்துனால வர்றது. நம்ம ஊருக்கு எஸ்.ஆர்.எஸ். (சாம்பிள் ரெஜிஸ்ட்ரேஷன் சிஸ்டம்) லைஃப் டேபிள், அதாவது வயசு வாரியா இறப்பு அட்டவணை இருக்கு, தமிழ்நாட்டுக்குன்னு தனியாவே வருது, அதோட ஒப்பிட்டு ரெண்டு பக்கம் எழுதுங்க. இல்லன்னா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி சைட்ல பப்ளிக் டிஸ்க்ளோஷர்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல இருந்து க்ளெய்ம் நம்பரை எடுத்து மூணு வருஷத்தை ஒப்பிடுங்க.

வேலை அதிகம் மும்பை, குர்கான், பெங்களூருல. சென்னையில யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், சோழமண்டலம் எம்.எஸ்., ராயல் சுந்தரம்னு தலைமை ஆபீஸ் இருக்கு, அதனால ஜெனரல், ஹெல்த் இன்சூரன்ஸ் பக்கம் இங்கயே பாக்கலாம். எல்.ஐ.சி. ஏ.ஏ.ஓ. (அசிஸ்டண்ட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆபீசர்) ஸ்பெஷலிஸ்ட் அறிவிப்பையும் கவனிங்க, ஆக்சுவேரியல் பிரிவுக்கும் எடுத்திருக்காங்க. கன்சல்டிங் கம்பெனிங்கள்ல கிராஜுவிட்டி கணக்கு போடுற வேலை முதல் வேலைக்கு நல்ல இடம், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்தை 26 நாளா வச்சுக்கிறது, அப்போ கடைசி சம்பளம் 26,000, 10 வருஷ சர்வீஸ்னா 1,50,000. இதை 500 பேருக்கு, எப்போ வேலையை விடுவாங்கன்னு யூகிச்சு போடும்போது சி.எம்.1 முழுசும் தானா புரியும்.

ஆஃபர் வந்ததும் சம்பளத்தை மட்டும் பாக்காதீங்க. பரீட்சைக்கு ஸ்டடி லீவ் எத்தனை நாள், ஃபீஸ் கம்பெனி கட்டுமா, ஃபெயில் ஆனா அடுத்த தடவையும் கட்டுமா, ஒரு பேப்பர் முடிச்சா சம்பளம் எவ்வளவு ஏறும்னு ஹெச்.ஆர். கிட்ட கேட்டு மெயில்ல வாங்கிக்கோங்க. குவார்ட்டர் கடைசியில ராத்திரி பத்து வரைக்கும் ஆபீஸ்ல இருக்க வேண்டி வரும், அந்த நேரத்துல பரீட்சை வந்தா டீம் எப்படி விடுதுன்னு அங்க ஏற்கனவே வேலை செய்யுற ஒரு அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோ சேர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சிடுங்க.