ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: குதிரையை நடக்கவிட்டு ஆடும் முறை

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஓர் இரவில், மின்விசிறி சுழன்றும் வேர்வை அடங்காத வேலூர் வீட்டு அறையொன்றில்தான் நாங்கள் நால்வரும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற இந்த வீடியோ விளையாட்டை முதன்முதலில் தொடங்கினோம். திரையிலோ முழங்கால் புதையும் பனி. பிளாக்வாட்டர் என்ற ஊரில் கொள்ளை முயற்சி தவறிப்போக, சட்டத்துக்குத் தப்பி மலையேறிய டச்சு வான் டெர் லிண்டேயின் கூட்டம், கோல்ட்டர் என்ற கைவிடப்பட்ட சுரங்கக் குடியிருப்பில் ஒதுங்குகிறது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஆர்தர் மார்கனாகத்தான் நாம் ஆடுகிறோம். அரை மணி நேரம் ஆகியும் குதிரை பனியில் தள்ளாடி நடந்துகொண்டிருந்ததைக் கண்ட காட்பாடி நண்பர் பொறுமையிழந்து எழுந்து போய்விட்டார். மூன்று மாதங்கள் அந்தப் பக்கமே வரவில்லை. இன்று எங்கள் நால்வரில் அந்த நிலப்பரப்பை அதிகம் அறிந்தவர் அவர்தான். அவரைப் போல முதல் நாளிலேயே கைவிட நினைப்பவர்களுக்காகவே, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பேசிப் பகிர்ந்துகொண்டவற்றை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

முதல் அத்தியாயத்தை ஒரு பயிற்சியாக எண்ணிக் கடந்துவிடுங்கள். விருப்பம்போல ஊர் சுற்றும் உரிமை, இரண்டாம் அத்தியாயத்தில் கூட்டம் மலையிறங்கி ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் என்ற முகாமுக்கு வந்த பிறகே முழுமையாகக் கிடைக்கும். அதுவரையான இரண்டு மூன்று மணி நேரத்தில் பேச்சைக் கவனித்துக் கேளுங்கள். யார் யாருக்கு என்ன உறவு, யாரை யார் நம்புகிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. உரையாடலுக்குத் தமிழ் எழுத்துகள் கிடையாது. அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சு நம் காதுக்கு உடனே பிடிபடாது என்பதால், ஆங்கில வசன எழுத்துகளை அமைப்புகளில் முதலிலேயே இயக்கிவிடுவது நல்லது.

கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு 2018 அக்டோபர் 26 அன்றும், கணினிக்கு 2019 நவம்பர் 5 அன்றும் இது வெளியானது. கணினியில் 150 ஜிபி இடம் வேண்டும். 8 ஜிபி ரேம் குறைந்தபட்சத் தேவை, 12 ஜிபி இருந்தால் நிம்மதி. விளையாட்டு தானாகவே அவ்வப்போது பதிவு செய்துகொள்ளும் என்றாலும், கோடையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத தெருவில் குடியிருப்பவர்கள், வேட்டைக்குப் புறப்படும் முன்பும் முகாமுக்குத் திரும்பிய பின்பும் தாங்களே ஒரு முறை பதிவு செய்துவிட வேண்டும்.

இனி குதிரை. வேறு விளையாட்டுகளில் வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு எங்கோ போட்டுவிட்டுப் போகும் பழக்கம் நமக்கு உண்டு; அந்தப் பழக்கம் இங்கே உதவாது. குதிரைக்கும் உடல்நலம், தாங்குதிறன் என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன. நாம் சவாரி செய்து, தட்டிக்கொடுத்து, தீனி வைத்து, உடம்பில் ஒட்டிய சேற்றைத் தூரிகையால் துடைத்துவிடும் அளவுக்கு அதன் நெருக்கம் 4 நிலைகளில் வளர்கிறது. நெருக்கம் வளர வளர, தொலைவிலிருந்து சீழ்க்கையடித்தாலும் அது காதில் வாங்கி ஓடி வரும். பாம்பையோ ஓநாயையோ கண்டு மிரளும்போது கழுத்தைத் தடவி அமைதிப்படுத்துங்கள். இல்லையென்றால் உங்களைக் கீழே தள்ளிவிட்டு ஓடிவிடும். காட்டுக்குள் நாலுகால் பாய்ச்சல் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் மரத்தில் மோதினால் இருவருக்குமே அடி. அந்தக் குதிரை இறந்துபோனால், இத்தனை நாள் சேர்த்த நெருக்கமும் அதோடு போய்விடும். அம்பாரினோ மாநிலத்தின் பனி மலையில், இசபெல்லா ஏரிக்கரையில் வெள்ளை அரேபியக் குதிரை ஒன்று திரிகிறது. சத்துவாச்சாரி நண்பர் இரண்டாம் அத்தியாயத்திலேயே அங்கே போய், கயிற்றை வீசாமல், ஒவ்வோர் அடியாக நெருங்கி, ஒவ்வொரு முறை அது தலை தூக்கும்போதும் நின்று சாந்தப்படுத்தி, ஒருவழியாக ஏறிவிட்டார். அதற்கு அவருக்கு இரண்டு ஞாயிறுகள் பிடித்தன.

குதிரையிலிருந்து இறங்கும்போது மறக்கக் கூடாத செயல் ஒன்று உண்டு. நீளத் துப்பாக்கிகளும் வில்லும் சேணத்திலேயே தங்கிவிடும். வேண்டியதை நாமே எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். கரடிக்கு முன்னால் வெறும் கைத்துப்பாக்கியோடு நின்ற அனுபவம் எங்கள் நால்வருக்குமே இருக்கிறது.

இதற்கு அடுத்தபடியாகப் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் வணக்கம் சொல்வது. கையில் ஆயுதம் இல்லாதபோது எந்தப் பொத்தான் எதிரே வருபவரைப் பேச்சுக்கு அழைக்கிறதோ, ஆயுதம் இருக்கும்போது அதே பொத்தான் அவரைக் குறிபார்க்கிறது. காட்பாடி நண்பர் வாலண்டைன் என்ற ஊரின் கடைத்தெருவில் ஒரு முதியவருக்கு வணக்கம் சொல்லப்போய், துப்பாக்கியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். அடுத்த பத்து நிமிடம் ஊர்க்காவலர்களிடமிருந்து தப்பி ஓடுவதிலேயே கழிந்தது. தலைக்கு விலையும் வைத்துவிட்டார்கள். ஆகவே ஊருக்குள் நுழையும் முன் ஆயுதத்தை உறையில் போட்டுவிடுங்கள். தலைமேல் விலை விழுந்துவிட்டால் ரயில் நிலையத்திலோ அஞ்சலகத்திலோ பணம் கட்டித் தீர்த்துவிடலாம்.

திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடத்தை அணைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. அது இருக்கும்வரை, கண் அதில் வழிகாட்டும் கோட்டின் மேலேயே போகும். பாதையோரத்தில் யார் கூப்பிட்டார்கள், எங்கே புகை எழுந்தது என்பது எதுவும் தெரியாது. முற்றிலும் அணைக்க அச்சமாக இருந்தால் திசைகாட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் யாரிடமாவது வழி கேட்டால், பாலாற்றுக்கு அந்தப் பக்கம், கோட்டை தாண்டி, மலையடிவாரத்தில் என்றுதானே சொல்வார்கள். அதே முறையில் இந்த நிலத்தையும் டகோட்டா ஆறு, தண்டவாளம், தூரத்து மலைமுகடு ஆகியவற்றைக் கொண்டு மனத்தில் பதிய வைத்துக்கொள்ள முடியும். இப்படி ஆடிய ஒரு வாரத்திலேயே ஹார்ட்லேண்ட்ஸ் புல்வெளியிலிருந்து முகாமுக்கு வரைபடம் பார்க்காமல் திரும்பக் கற்றுக்கொண்டேன்.

வேட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டின் நிதானம் முழுவதும் அதில்தான் கூடியிருக்கிறது. ஒவ்வொரு விலங்குக்கும் ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை தரம் உண்டு. மூன்று நட்சத்திர விலங்கைச் சரியான ஆயுதத்தால், சரியான இடத்தில் அடித்து ஒரே அடியில் வீழ்த்தினால்தான் குறையற்ற தோல் கிடைக்கும். முதலில் தொலைநோக்கியால் பார்த்துத் தரத்தை அறிந்துகொள்ளுங்கள். குதிரையைப் பின்னால் விட்டுவிட்டுக் குனிந்து நடங்கள். காற்று உங்களிடமிருந்து விலங்கை நோக்கி அடித்தால் உங்கள் வாடை அதற்குப் போய்விடும். சுற்றிக்கொண்டு எதிர்ப்புறமாக வாருங்கள். மானுக்கு வில்லோ ரைஃபிளோ போதும், ஆனால் அடி தலையில் விழ வேண்டும். அணிலுக்கும் சிறு பறவைக்கும் சிற்றம்பு என்று தனியாக உண்டு. முயல் போன்றவற்றுக்கு, துப்பாக்கிக் கடையில் கிடைக்கும் வார்மின்ட் ரைஃபிள் பொருத்தமானது. ஷாட்கன்னால் முயலைச் சுட்டால் கந்தல்தான் மிஞ்சும்.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் முப்பது ஆண்டு வேலை பார்த்த என் பெரியப்பா ஒரு நாள் மாலை என் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாலண்டைனுக்கு மேற்கே ஒரு கடமானை இரண்டு அம்பு எய்து வீழ்த்தினேன். மூன்று நட்சத்திரமாக இருந்தது இரண்டாகக் குறைந்தது. ஏன் குறைந்தது என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஓட்டை விழுந்த தோலும் கத்தி பட்ட தோலும் ஒண்ணுதாம்பா, செலக்‌ஷன்ல ஒதுக்கிடுவான்" என்றார். உரிக்கும்போது கத்தி ஒரு விரற்கடை ஆழமாக இறங்கிவிட்டால், அந்த ஆட்டுத் தோல் முழுவதற்கும் விலை குறைந்துவிடும் என்று தன் விரலைத் திரையருகே வைத்துக் காட்டினார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார். அன்றிலிருந்து நான் இரண்டாம் அம்பை எய்வதில்லை. முதல் அம்பு உறுதியாகத் தெரியாவிட்டால் மானை விட்டுவிடுகிறேன்.

கிடைத்த தோலை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்து வரும். முகாமில் பியர்சன் என்ற சமையற்காரர் இருக்கிறார். கணக்கேட்டின் வழியாகத் தோல் வேலைக் கருவிகளை வாங்கிக் கொடுத்துவிட்டால், குறையற்ற தோல்களைக் கொண்டு அவர் பைகள் தைத்துத் தருவார். மற்ற பைகள் எல்லாவற்றையும் முடித்த பிறகு கிடைக்கும் கடைசிப் பையில் ஒவ்வொரு பொருளிலும் 99 வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காகத் தோல் பட்டியலை அச்சடித்துக்கொண்டு அலைய வேண்டாம். போகிற வழியில் எதிர்ப்பட்டதை அடித்துச் சேர்ப்பதே சிறந்தது. முழு உடல் சில நாட்களில் அழுகிவிடும் என்பதால் அதை உடனே முகாமிலோ கசாப்புக் கடையிலோ சேர்த்துவிட வேண்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை, முகாமில் தங்குமிடங்களை மேம்படுத்தினால் அங்கிருந்து நினைத்த ஊருக்கு நொடியில் போகும் வசதி கிடைக்கும். அதை வாங்கியும் நாங்கள் அரிதாகவே பயன்படுத்துகிறோம். அவசரம் என்றால் ரயிலில் ஏறுங்கள், சன்னலோரம் நின்று வெளியே பாருங்கள். கதை நடக்கும் 1899 என்ற ஆண்டை நம் ஊரோடு இணைத்துப் பார்த்தால் அந்தக் காலம் இன்னும் தெளிவாகும். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கி அப்போது 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அதே 1899இல்தான் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றார், மறு ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். மின்விளக்கும் டிராம் வண்டியும் உள்ள சென்ட் டெனிஸ் நகருக்குள் சேறு படிந்த குதிரையோடு ஆர்தர் நுழையும்போது, பழைய காலமும் புதிய காலமும் உரசிக்கொள்வது நன்றாகத் தெரியும். நியூ ஆஸ்டின் பாலைவனத்தை மட்டும் அவசரப்பட்டு எட்டிப்பார்க்காதீர்கள். கதையின் பிற்சேர்க்கைக்கு முன் அங்கே போனால் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். அந்த வெயிலையும் மொட்டைப் பாறைகளையும் பார்க்க ஏங்குபவர்களுக்கு வேலூர்க் குன்றுகள் இருக்கவே இருக்கின்றன.

நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதற்கும் ஒரு முறை வேண்டும். ஒரே பாதையில் இருவர் போனாலும் இருவருக்கும் ஒரே மனிதர் எதிர்ப்படுவதில்லை. எதிர்ப்பட்டாலும் இருவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பாம்பு கடித்துப் பாதையோரம் துடித்துக்கொண்டிருந்த ஒருவரின் காலிலிருந்து நான் விஷத்தை உறிஞ்சித் துப்பினேன். சத்துவாச்சாரி நண்பர் வேறு வேலையாகக் கடந்து போய்விட்டார். பல நாள் கழித்து அதே மனிதர் வாலண்டைன் துப்பாக்கிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, கடையில் விரும்பியதை எடுத்துக்கொள், காசு நான் தருகிறேன் என்றார். இதை நான் சொன்னபோது நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் தனக்கு எதிர்ப்பட்ட எல்லோருக்கும் உதவிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூடும்போது இடத்தையும் கண்ட காட்சியையும் பேசுங்கள், கதையைப் பேசாதீர்கள். ஆர்தர் தன் நாட்குறிப்பில் படம் வரைந்து எழுதுவதைப் போல, நாங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இடத்தையும் நேரத்தையும் வானிலையையும் ஓரிரு வரிகளில் எழுதி வைத்துப் படிக்கிறோம். இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களில் முகாம் மகிழ்ச்சியாக இருக்கும். இரவில் நெருப்பைச் சுற்றிப் பாடுவார்கள். அங்கே எத்தனை வாரம் தங்க முடியுமோ அத்தனை வாரம் தங்குங்கள். ஆறாம் அத்தியாயத்துக்குள் நுழையும் முன் உங்கள் கூட்டத்தில் எல்லோரும் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களில் முதலில் முடித்தவர் காட்பாடி நண்பர். மற்ற மூவரும் முடிக்கும் வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள், அவர் கதையின் முடிவைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை.