“நன்றாக இருக்கிறது, ஆனால்…”: பிறர் எடுத்த படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது நாம் செய்கிற தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் எங்களுக்கு உண்டு. எட்டுப் பத்துப் பேர். ஒருவருக்கும் படம் எடுப்பது தொழில் இல்லை. வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் எடுத்ததை மற்றவர்களுக்குக் காட்டுவோம். அந்த அரை மணி நேரத்தில் புதிதாக வந்தவர்களின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் ஆர்வமாக வந்த ஒருவர் மூன்றாவது வாரம் வருவதை நிறுத்திவிடுவார். காரணம் கேட்டால் “வேலை இருக்கிறது” என்பார். உண்மைக் காரணம் பெரும்பாலும் அந்த பெஞ்சில் யாரோ சொன்ன ஒரு வாக்கியமாக இருக்கும்.

ஒருமுறை அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நானே. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவில் போயிருந்தோம். குத்துவிளக்குக்குப் பேர்பெற்ற ஊர். கடைசல் பட்டறை ஒன்றில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் படம் எடுத்தோம். எங்களோடு முதல்முறையாக வந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன் வெளியே வந்ததும் தன் போனை என்னிடம் நீட்டினான். விளக்குத் தண்டைக் கடைந்துகொண்டிருக்கும் தொழிலாளி, குனிந்த முகம், பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னல் வெள்ளை வெளேரென்று வெளிறியிருந்தது. முகத்தில் பாதி இருட்டு.

“ஜன்னல் வெளிறிவிட்டது தம்பி. வெளிச்சத்தைக் குறைத்து எடுத்திருக்க வேண்டும்” என்றேன். படத்தைப் பார்த்து மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. “சரிங்க சார்” என்று போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தான். “நான் அந்தத் தூளைத்தான் சார் எடுத்தேன்” என்றான் மெதுவாக. மறுபடி வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடையும்போது பறந்த பித்தளைத் தூள், ஜன்னல் வெளிச்சத்தில் பொன் பொடியாக மிதந்துகொண்டிருந்தது. அந்த மனிதரின் இமை மயிரிலும் இரண்டு மூன்று புள்ளிகள் ஒட்டியிருந்தன. நான் சொன்னதில் பிழை இல்லை. ஜன்னல் வெளிறித்தான் இருந்தது. ஆனால் அவன் எதை எடுத்தான் என்று தெரியாமலே அதைச் சொல்லியிருந்தேன். முதலிலேயே கேட்டிருந்தால் உருப்படியான ஒன்றைச் சொல்லியிருக்கலாம்: தூள் வெளிச்சத்துக்கு எதிரே தெரியாது, இருட்டுக்கு எதிரேதான் தெரியும். இடப்பக்கம் இரண்டடி நகர்ந்திருந்தால் ஜன்னல் படச் சட்டத்தைவிட்டு விலகி, பின்னால் கரிபிடித்த சுவர் வந்திருக்கும். அதே தூள் இன்னும் நாலு மடங்கு பளிச்சென்று நின்றிருக்கும்.

என் கணக்கில் எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். கண் பார்த்து முடிப்பதற்குள் வாய் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இப்போதெல்லாம் ஒரு படத்தை வாங்கினால் அதன் நான்கு மூலைகளையும் பார்த்து முடிக்கும்வரை பேசுவதில்லை. பிறகு ஒரே கேள்வி: “இதில் எதைப் பார்த்து எடுத்தீர்கள்?” பதில் வந்த பிறகு பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கிறது.

“என்ன கேமரா?”

படம் நன்றாக இருந்தால் “என்ன கேமரா?” என்று கேட்கிறோம். சுமாராக இருந்தால் “போனில் எடுத்தால் இப்படித்தான் வரும்” என்கிறோம். இரண்டு இடத்திலும் எடுத்தவர் காணாமல் போய்விடுகிறார்.

இதன் இன்னொரு முகம், கையில் இல்லாத கருவிக்கு யோசனை சொல்வது. போனில் எடுத்தவரிடம் “அப்பெர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) மாற்றியிருக்கலாம்” என்பார்கள். பெரும்பாலான போன்களில் அது மாற்ற முடியாதபடி நிலையாக இருக்கிறது. அவரால் செய்யக்கூடியது எத்தனையோ உண்டு. திரையில் முகத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம். அடிவானம் சாயாமல் இருக்க, திரையில் குறுக்கும் நெடுக்கும் கோடு காட்டும் வசதியை இயக்கிக்கொள்ளலாம். மிக அருகில் போய் எடுத்ததால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்றால், நாலடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கலாம். அவர் கையில் இருப்பதைக்கொண்டு நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

“மூன்றில் ஒரு பங்கு விதி தெரியாதா?”

புதிதாகப் படம் எடுக்கக் கற்றவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் விதி இது. ஆகையால் மற்றவர்கள்மீது முதலில் எறிவதும் இதைத்தான். சட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமான பொருளை அந்தக் கோடுகளின்மேல் வைக்க வேண்டும் என்பது விதி. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-இல் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதியபோது இதற்குப் பெயர் வைத்தார். அப்போது கேமராப் படம் என்ற ஒன்றே பிறக்கவில்லை. நல்ல வழிகாட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்தின் நடுவில் நின்று, இருபக்கத் தூண்களும் தொலைவில் ஒரு புள்ளிக்குள் போய் ஒடுங்குவதை ஒருவர் எடுத்து வந்தால், அவரிடம் மூன்றில் ஒரு பங்கைப் பேசுபவர் தூணையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை.

விதியைச் சொல்வதைவிட, உங்கள் கண் என்ன செய்தது என்று சொல்வது பயன்படும். “என் கண் முதலில் மூலையில் இருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் குடத்துக்குத்தான் போகிறது. அதன் பிறகுதான் பாட்டியிடம் வருகிறது.” இதை யாரும் மறுத்துப் பேச முடியாது, உங்கள் கண்ணுக்கு நடந்தது அது. குடத்தை நகர்த்துவதா, வெட்டுவதா, அப்படியே விடுவதா என்பதை எடுத்தவர் முடிவு செய்துகொள்வார். இந்தக் குடம் நான் கற்பனையாகச் சொல்வதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் எடுக்கும் பத்துப் படத்தில் நாலில் எங்காவது ஒரு பிளாஸ்டிக் குடம் உட்கார்ந்திருக்கும்.

“பிளராக இருக்கிறது”

இதைச் சொல்பவருக்கு ஒரு விநாடி வேலை. கேட்பவருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. தெளிவில்லாமல் போவதற்குக் காரணங்கள் வேறு வேறு. சுவர், மரம், மனிதர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஓடுகிற குழந்தை மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/250 விநாடி அல்லது அதற்கும் குறைந்த நேரம் வேண்டும், அதற்கு வெளிச்சமும் வேண்டும். முகம் மங்கலாகவும் பின்னால் தொங்கும் காலண்டர் தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று பார்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும்.

இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு தெளிவைப் பற்றிப் பேசாதீர்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. கோப்பாக அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்லது.

தெளிவின்மையே குற்றமா என்பது வேறு கேள்வி. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்) தன் நாற்பத்தெட்டாவது வயதில், 1863-இல், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்த பிறகு படம் எடுக்கத் தொடங்கினார். அவர் எடுத்த முகங்கள் மங்கலாக, புகைக்குள் இருப்பதுபோல் இருந்தன. அன்றைய லண்டன் புகைப்பட இதழ்கள் ஃபோகஸ் செய்யத் தெரியாதவர் என்ற தொனியில் எழுதின. இன்று அந்த முகங்கள்தான் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கடைசிக் காலத்தை இலங்கை மலையகத்தில் கழித்தார். தோட்டங்களில் வேலை செய்தவர்களையும் படம் எடுத்தார். 1879-இல் அங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். இதைச் சொல்வதால், கை ஆடிய படங்களையெல்லாம் கலை என்று கொண்டாடச் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்து சதவீதம் கை ஆடியதுதான். “வேண்டுமென்று செய்தீர்களா?” என்று கேட்பதற்கு மீதி ஐந்து போதும்.

“முகம் கறுப்பாக விழுந்திருக்கிறதே”

நம் ஊரில் இதைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பெண் தன் தங்கையைப் படம் எடுத்துக் காட்டினால், கூட்டத்தில் ஒருவராவது “கொஞ்சம் வெள்ளையாக்கியிருக்கலாம்” என்று சொல்லாமல் இருப்பதில்லை. இது படத்தைப் பற்றிய கருத்தே இல்லை. தங்கையின் நிறத்தைப் பற்றிய கருத்து. யாரும் அதைக் கேட்கவில்லை.

முகத்தில் வெளிச்சம் போதாமல் இருப்பதும் முகத்தின் நிறம் கறுப்பாக இருப்பதும் இருவேறு விஷயங்கள். எதிரில் வருகிற காட்சி நடுத்தரமான வெளிச்சத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் சட்டத்தை நிறைத்தால், ‘அதிக வெளிச்சம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருண்டுபோகும். எருமை மந்தையை எடுத்தால் நேர்மாறு. எருமை சாம்பலாக வெளுத்துவிடும். ஆகவே “பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் கேமராவை ஏமாற்றிவிட்டது, முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாம்” என்பது கருத்து. “கறுப்பாக இருக்கிறார்” என்பது கருத்து அல்ல. இப்போது பல போன்களில் முகத்தைத் தாமாகவே மெழுகி வெளுக்கும் வசதி வேறு இருக்கிறது. அது வேலை செய்திருந்தால், தோல் நிறம் மாறியிருப்பதைச் சொல்வது நியாயமான விமர்சனம்தான்.

படத்தில் இருப்பவரின் எடை, சேலை, வீட்டுச் சுவரின் பெயிண்ட் ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சின்னத் தவறுகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்காமல் அடுத்தவர் படத்தை வெட்டி, நிறம் மாற்றி, “இப்போது பாருங்கள்” என்று திருப்பி அனுப்புவது வேண்டாம். எப்படி வெட்டலாம் என்று காட்ட வேண்டுமானால் திரையின் ஓரத்தை உள்ளங்கையால் மறைத்துக் காட்டுங்கள். கையை எடுத்தால் படம் அவருடையதாகவே இருக்கும். ஒரே மூச்சில் ஒன்பது குறை சொல்லாதீர்கள், ஒன்று போதும். எதை மாற்றினால் படம் அதிகம் மாறுமோ அந்த ஒன்று. திருத்த முடியாததைச் சொல்லிப் பயனில்லை. கல்யாணப் படத்தைப் பார்த்து “தாலி கட்டும்போது இந்தப் பக்கம் நின்றிருக்கலாம்” என்றால் அவர் என்ன செய்வார், மறுபடி கட்டச் சொல்வாரா?

பிறகு அந்த “ஆனால்”. முதலில் பாராட்டிவிட்டு ஆனால் போட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். விளக்கெண்ணெய் கொடுக்குமுன் காட்டும் வெல்லக்கட்டி அது. “நன்றாக இருக்கிறது” என்றதுமே கேட்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்திருந்தால் எது பிடித்தது என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள், “அந்த நாயின் நிழல் படிக்கட்டில் மடிந்து விழுகிறதே” என்பதுபோல. பிடிக்காவிட்டால் பொய்யாக வெல்லம் நீட்ட வேண்டாம். வெறும் “அருமை”யும் இதே வகைதான். நூறு அருமை வாங்கியவருக்கு அடுத்த படத்தில் என்ன செய்வது என்று ஒரு வழியும் தெரிந்திருக்காது.

நயமாகப் பேசுவதை நான் கைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. படித்துறையில் குளிப்பவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர்கள், கேட்காமல் எடுத்த ஏழைக் குழந்தையின் முகம் போன்ற படங்கள் வந்தால் வெளிச்சம், படச் சட்டம் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தனியாக அழைத்து, “அவர்களிடம் கேட்டீர்களா?” என்கிறேன். இல்லை என்றால் அழித்துவிடச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

கடைசியாக, எல்லாப் படமும் கருத்துக் கேட்டு வருவதில்லை. எங்கள் சித்தி பேரனின் காதுகுத்துப் படங்கள் நாற்பதை வரிசையாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். பலவற்றில் கீழ் மூலையில் ஒரு விரல் மங்கலாகக் குறுக்கே நின்றது. பழக்க தோஷம், என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“சித்தி, இதில் விரல் விழுந்திருக்கிறது. வெட்டிவிடட்டுமா?”

“வேண்டாம். அது உன் சித்தப்பா விரல். எல்லாப் படத்தையும் அவரே எடுத்ததால் ஒன்றிலும் அவர் இல்லை. இதிலாவது விரல் இருக்கட்டும்” என்று அடுத்த படத்துக்குத் தள்ளினார்.