சிறு நகரத்தில் உயர்தர உருவப்பட ஸ்டுடியோ: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம் என எல்லாக் கடைகளிலும் ஒரே வேலை நடப்பதால், விலையைக் குறைப்பதில்தான் போட்டி போய் முடிகிறது. அதிலிருந்து விலகி, மாதத்துக்கு ஏழெட்டுக் குடும்பங்களை மட்டும் நிதானமாகப் படமெடுத்து, நல்ல விலைக்கு உருவப்படம் செய்துகொடுத்துப் பிழைக்க முடியுமா? முடியும். நான் காரைக்குடியில் அதைத்தான் செய்துவருகிறேன். கேமராவை ஓரளவு கையாளத் தெரிந்த, ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எதை விற்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு எங்கள் ஊரில் யாரும் பதினைந்தாயிரம் ரூபாய் தர மாட்டார்கள். தரவும் வேண்டியதில்லை. நீங்கள் விற்பது சுவரில் மாட்டும் படம். இதை முதல் நாளிலேயே மனத்தில் உறுதிசெய்துகொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தானாக வந்து சேரும்.

செட்டிநாட்டு வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். முகப்பிலும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலும் பாட்டன், பூட்டன் படங்கள் உயரத்தில், சற்றே முன்பக்கம் சாய்ந்து தொங்கும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களின் வேலை அவ்வளவு திருத்தமானது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்மயமாக்கி வைத்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கிறது, தவறாமல் பாருங்கள். ஆனால் அதே வீடுகளில் இன்று ஒரு பெரியவர் காலமானால், ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்த படத்தையோ, கல்யாணக் கூட்டத்தில் அரைகுறையாகத் தெரிந்த முகத்தையோ வெட்டிப் பெரிதாக்கித்தான் மாலை போடுகிறார்கள். கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தும், சுவரில் மாட்டத் தகுந்த ஒன்று இல்லை. உங்கள் தொழிலுக்கான தேவை அங்கே இருக்கிறது.

இதை ஒருபோதும் சாவைச் சொல்லி விற்காதீர்கள். அது கொடுமை. குடும்பம் மகிழ்ச்சியாகக் கூடும் நாட்களை நாடிப் போங்கள்: அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம், வளைகாப்பு, வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் மே, டிசம்பர் மாதங்கள், பங்காளிகள் எல்லாரும் ஊர் திரும்பி முன்னோரை வழிபடும் படைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கல்யாணப் படக்காரர்கள் சும்மா இருப்பார்கள். உருவப்படத்துக்கு முகூர்த்தம் தேவையில்லை. மார்கழிக் காலை வெளிச்சமோ ஆண்டிலேயே மிக மென்மையானது.

2. வெளிச்சத்தைப் பார்த்து இடம் பிடியுங்கள்

கடைவீதியில் முகப்புக் கடை தேவையில்லை. முன்பதிவு செய்து வருகிறவர்கள் உள்தெருவுக்கும் வருவார்கள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடியில் ஓர் அறை, அதில் ஒரு பெரிய சன்னல், வயதானவர்கள் ஏறச் சிரமப்படாத தரைத்தளம். இவை போதும்.

வெளிநாட்டார் எழுதிய புகைப்பட நூல்கள், சூரியன் எட்டிப் பார்க்காது என்பதால் வடக்குச் சன்னலே சிறந்தது என்று சொல்லும். நம் ஊருக்கு இது பாதிதான் பொருந்தும். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியாக நேர்வெயில் உள்ளே விழும். அதற்காகச் சன்னல் முழுவதையும் மறைக்கும்படி வெள்ளை மல் துணித் திரை ஒன்று தைத்து வையுங்கள். வெயில் விழும்போது அந்தத் திரையே பெரிய சாஃப்ட்பாக்ஸாக (ஃப்ளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாறிவிடும்.

வாடிக்கையாளர் வீட்டிலேயே எடுப்பதாக இருந்தால் தரையைக் கவனியுங்கள். சிவப்பும் பச்சையுமான ஆத்தங்குடிக் கற்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் முற்றத்து வெளிச்சம் அவற்றில் பட்டு மேலெழும்பி, தாடைக்கு அடியிலும் கழுத்திலும் செந்நிறத்தைப் பூசிவிடும். படத்தில் விழாத இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் நிறம் மறைந்து, கண்ணுக்குக் கீழுள்ள நிழலும் குறையும்.

3. கருவிகள்

இதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமரா, பழையதானாலும் பரவாயில்லை, 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று. குடும்பப் படத்துக்கு 50 மி.மீ.; ஒரு ஃப்ளாஷ், ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், ஒளியைத் திருப்பி எறிய ஒரு ரிஃப்ளெக்டர். 6000 பிக்சல் நீளமுள்ள படத்தை 16-க்கு 24 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 250 பிக்சல் கிடைக்கிறது. சுவர்ப் படத்துக்கு அது தாராளம்.

4. விலையைக் கணக்குப் போட்டு வையுங்கள்

பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து விலை வைப்பதுதான் இந்தத் தொழிலைக் கெடுக்கிறது. உங்கள் செலவிலிருந்து தொடங்குங்கள். ஓர் எடுத்துக்காட்டு: வாடகை 12,000, மின்சாரம், இணையம் 4,000, உதவியாளர் சம்பளம் 15,000, பயணமும் விளம்பரமும் 3,500. கருவிகளின் விலை 3,60,000 ரூபாய் என்றால், நான்கு ஆண்டுக்குப் பிரித்து மாதம் 7,500. உங்கள் சம்பளம் 40,000. இதை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். மொத்தம் 82,000. மாதம் எட்டுக் குடும்பம் என்றால் ஒன்றுக்கு 10,250. அச்சுக்கும் சட்டத்துக்கும் 3,500 சேர்த்தால் 13,750. அதன்மேல் இருபது விழுக்காடு லாபம் வைத்தால் 16,500 ரூபாய். இதற்குக் கீழே இறங்கினால் உங்கள் கைக்காசு கரைகிறது என்று பொருள்.

சிறு நகரத்தில் விலையைவிடக் கடினமானது, அந்த விலையைக் காப்பாற்றுவது. “நம்ம பையன்தானே, பார்த்துப் போட்டுக் கொடு” என்று மாமா முறையில் உள்ளவர் கேட்பார். அவருக்கு மூவாயிரம் குறைத்தால் அடுத்த வாரக் கல்யாணப் பந்தியிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். முழு விலை கொடுத்தவர் ஏமாந்ததாக நினைப்பார். எல்லாருக்கும் ஒரே விலை, அச்சடித்த விலைப்பட்டியல், பாதி முன்பணம். உறவினருக்கு ஏதேனும் செய்யத் தோன்றினால் விலையைக் குறைக்காமல், சிறிய படம் ஒன்றைச் சட்டமிட்டு அன்பளிப்பாகக் கொடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், விலையும் நிற்கும்.

பாஸ்போர்ட் போட்டோ வருமானத்தை உடனே விட முடியாதவர்கள், காலையில் அந்த வேலையை முடித்துக்கொண்டு மாலை முழுவதையும் முன்பதிவுக்கு ஒதுக்குங்கள். இரண்டு வகை வாடிக்கையாளர்களையும் ஒரே பெஞ்சில் காத்திருக்க வைக்காதீர்கள்.

5. படம் எடுக்கும் முன் ஒரு முறை வீட்டுக்குப் போங்கள்

எந்தச் சுவரில் மாட்டப்போகிறார்கள் என்று கேட்டு, டேப்பை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் நிறம், எதிரே வெயில் வருகிறதா, ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். உடை பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். அகலமான சரிகைக் கரை வெளிச்சத்தை எறிந்து முகத்திலிருந்து கண்ணை இழுத்துவிடும். சின்னக் கரைப் பட்டோ, நல்ல சுங்குடிச் சேலையோ சொல்லிப் பாருங்கள். ஆனால் அந்த அம்மாள் தன் கல்யாணப் பட்டைத்தான் உடுத்துவேன் என்றால் அதுவே சரி.

6. படம் எடுக்கும் நாள்

முதல் அரைமணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள். காபி கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள். பெரியவர்களைச் சன்னலுக்குப் பக்கவாட்டில், கை வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நெருங்கிப் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். 85 மி.மீ. லென்ஸில், அந்தத் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஆறு செ.மீ. மட்டுமே, கண் தெளிந்து காது மங்கிவிடும். எஃப்/4 வையுங்கள். ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ். இரண்டு வரிசைக் குடும்பப் படத்துக்கு எஃப்/8.

வெள்ளை வேட்டி சட்டையில் ஐயா உட்கார்ந்திருந்தால், கேமரா அந்த வெண்மையைப் பார்த்துப் படத்தையே இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் முறை) கன்னத்தை அளந்து, பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள். மூக்குக் கண்ணாடியில் சன்னல் பளபளத்தால், காதோரக் கம்பிகளைச் சற்றே மேலே தூக்கிவிட்டால் ஒளி கீழே போய்விடும். நெற்றி எண்ணெயை டிஷ்யூவால் ஒற்றுங்கள். திருநீறு கலையக் கூடாது.

“சிரியுங்கள்” என்று சொல்ல வேண்டாம். கைகளைப் பாருங்கள். கேமரா முன்னால் பெரும்பாலான ஆச்சிகள் விரல்களை இறுக்கி மடக்கிக்கொள்வார்கள். அந்த இறுக்கம் தோளுக்கும் தாடைக்கும் ஏறும். “ஆச்சி, இந்த வளையல் யார் செய்து போட்டது?” என்று கேளுங்கள். கை தானாக வளையலுக்குப் போகும், விரல்கள் தளரும், பதில் சொல்லி முடித்ததும் முகத்தில் ஒரு நொடி அமைதி வந்து நிற்கும். அந்த நொடிக்கு விரல் ஷட்டரில் தயாராக இருக்க வேண்டும்.

7. முகத்தை வெளுப்பாக்காதீர்கள்

ரீடச்சிங்கில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இது. பருவை நீக்கலாம், வியர்வைப் பளபளப்பைக் குறைக்கலாம். தோலின் நிறத்தை மாற்றக் கூடாது, சுருக்கத்தை மெழுகக் கூடாது. கறுத்த முகத்தின் அழகு, கன்னத்திலும் நெற்றியிலும் ஒளி வழுக்கி இறங்கும் விதத்தில் இருக்கிறது; வெளுக்க வைத்தால் அது செத்துவிடும். “கொஞ்சம் கலராக்குங்கள்” என்று கேட்பவர்களிடம், நல்ல வெளிச்சத்தில் அச்சிட்ட மாதிரிப் படத்தைக் கையில் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

8. தேர்வும் அச்சும்

படங்களை அனுப்பித் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள்; குடும்பக் குழுவில் சுற்றிச் சுற்றி மாதம் போய்விடும். இருபது படங்களை மட்டும் திருத்தி வைத்துக் குடும்பத்தை ஸ்டுடியோவுக்கு அழையுங்கள். புரொஜெக்டரில், சுவரில் மாட்டப்போகும் அதே அளவில் காட்டுங்கள். 8-க்கு 12 அங்குலம் போதும் என்று வந்தவர்கள், அளந்த சுவரில் அது எவ்வளவு சிறியது என்று தாங்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வற்புறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

அச்சு இருட்டாக வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், கணினித் திரை மிகப் பிரகாசமாக இருப்பதுதான். திரையை அளவீட்டுக் கருவியால் சீர்செய்யுங்கள். பருத்திக் காகிதத்தில், எளிதில் மங்காத பிக்மென்ட் மையால் அச்சிடும் ஆய்வகத்தைத் தேடிப் பிடியுங்கள். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அமிலமற்ற மவுன்ட் அட்டை கட்டாயம். இல்லையென்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழியும். சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். ஓதமும் கறையானும் எளிதில் ஏறாது. மாட்டுவதும் உங்கள் வேலைதான். ஆணியோடும் மட்டப்பலகையோடும் நீங்களே போங்கள்.

9. எழுத்து வேலைகள்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்துகொள்ளுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். குழந்தைகள் படமென்றால் பெற்றோரிடம். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டவர்களுள் துணிக்கடை முதலாளியோ மருத்துவரோ இருந்தால், அவர்கள் குடும்பப் படத்தையே இன்னொரு பிரதி அச்சிட்டு அவர்கள் கடையிலோ காத்திருப்பு அறையிலோ மாட்டித் தரக் கேளுங்கள். கீழே உங்கள் ஸ்டுடியோ பெயர் சிறிய எழுத்தில். கோப்புகளை இரண்டு வன்தட்டுகளிலும் இணையச் சேமிப்பிலும் வையுங்கள். ஒரு வன்தட்டு வேறு கட்டடத்தில் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்தும் அதே படத்தை இன்னொரு பிள்ளை வீட்டுக்குக் கேட்டு வருவார்கள்.